மூளையின் நினைவு வலைப்பின்னல்களும் டிமென்ஷியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நினைவு மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. நேற்று இரவு யார் வீட்டுக்கு வந்தார்கள் என்பது ஒரு வகை நினைவு. கத்தரிக்கோல் என்றால் என்ன, எதற்குப் பயன்படும் என்பது இன்னொரு வகை. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருப்பது மூன்றாவது. ஒருவர் சொன்ன தொலைபேசி எண்ணை டயல் செய்து முடிக்கும்வரை மனதில் பிடித்து வைத்திருப்பது நான்காவது. இவை நான்கையும் மூளையின் நான்கு வெவ்வேறு வலைப்பின்னல்கள் கவனித்துக்கொள்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றவை இயங்கும்.

இதை உலகுக்குக் காட்டியது 1953-ல் நடந்த ஓர் அறுவை சிகிச்சை. ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு. அதைக் கட்டுப்படுத்த அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில், இரு பக்கமும் பொட்டுப் பகுதியின் உட்புறத்தை, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு சேர்த்து எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் மொலைசனின் கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. சைக்கிள் ஓட்டுவது போன்ற செய்முறை நினைவு, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதியையும் சிறுமூளையையும் நம்பியிருக்கிறது. அவை அவருக்கு அப்படியே இருந்தன.

இந்தப் பக்கத்தில் இனி வரும் எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை. எவ்வளவு மறக்கிறார் என்பதைவிட, எந்த வகை நினைவு போயிருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். டிமென்ஷியாவை, அதாவது நினைவும் யோசனையும் குலையும் நோய்களை, கண்டுபிடிக்கவும் நோயாளியை அன்றாடம் கவனித்துக்கொள்ளவும் அதுவே பயன்படும்.

ஹிப்போகாம்பஸ் என்னதான் செய்கிறது?

ஒரு நிகழ்ச்சியின் துண்டுகளைக் கோத்துக் கட்டுகிறது. பார்த்த முகம் ஓரிடத்தில் பதிகிறது, கேட்ட குரல் வேறிடத்தில், இடம், நேரம், அப்போது வந்த கோபம் எல்லாம் வெவ்வேறு இடங்களில். இவை எல்லாம் ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்தவை என்ற இணைப்பை ஹிப்போகாம்பஸ் வைத்திருக்கிறது.

மூளையின் மேற்பரப்பிலிருந்து வரும் செய்திகள் முதலில் என்டோரைனல் கார்டெக்ஸ் என்ற வாசலுக்கு வருகின்றன. அங்கிருந்து டென்டேட் கைரஸுக்குப் போகின்றன. ஒன்றுபோல இருக்கும் நினைவுகளைக் கலந்துவிடாமல் பிரித்து வைப்பது அதன் வேலை. வண்டியை நேற்று நிறுத்திய இடத்தையும் இன்று நிறுத்திய இடத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். அடுத்து இருக்கும் சிஏ3 பகுதி எதிர்த்திசை வேலையைச் செய்கிறது: ஒரு சின்னக் குறிப்பு கிடைத்தால் முழு நிகழ்ச்சியையும் எழுப்பிக் கொடுக்கும். பிறகு சிஏ1 வழியாகச் செய்தி மீண்டும் மேற்பரப்புக்குத் திரும்புகிறது.

இதற்கு வெளியே ஒரு பெரிய சுற்றும் உண்டு. ஹிப்போகாம்பஸிலிருந்து ஃபோர்னிக்ஸ் என்ற நரம்புக் கட்டு, அங்கிருந்து மேமிலரி உறுப்புகள், தாலமஸின் முன்பகுதி, சிங்குலேட் மடிப்பு, மறுபடி ஹிப்போகாம்பஸ். 1937-ல் ஜேம்ஸ் பேப்பெஸ் விவரித்த இந்தச் சுற்றின் முக்கிய இடங்கள் அறுந்தால் புதிய நினைவு பதிவது குலையும். தாலமஸில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால்கூட, ஹிப்போகாம்பஸ் நன்றாக இருக்கும்போதே ஒருவருக்குப் பெரும் மறதி வருவது அதனால்தான்.

அல்சைமர் நோய் எங்கே தொடங்குகிறது?

டௌ, அமிலாய்டு என இரண்டு புரதங்கள், இரண்டு தொடக்கங்கள். இதைப் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம்.

டௌ புரதத்தின் முடிச்சுகள் முதலில் என்டோரைனல் வாசலை ஒட்டிய பகுதியில் தோன்றுகின்றன. பிறகு ஹிப்போகாம்பஸ், அதன்பின் மூளையின் அகன்ற மேற்பரப்பு. ஹைகோ பிராக், ஈவா பிராக் இருவரும் 1991-ல் இந்த வரிசையை ஆறு கட்டங்களாகப் பிரித்தார்கள். இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் செல்லுக்கெல்லாம் கண்டபடி பரவாமல், நரம்பிணைப்பு உள்ள பாதைகளையொட்டியே டௌ பெரும்பாலும் நகர்கிறது. அதனால்தான் நோய் ஒரு வலைப்பின்னலையே பிடித்துக்கொள்கிறது.

அமிலாய்டு படிவங்கள் வேறிடத்தில் தொடங்குகின்றன. நாம் எதையும் குறிப்பாகச் செய்யாமல் சும்மா இருக்கும்போது, பழையதை நினைத்துப் பார்க்கும்போது, நாளையைத் திட்டமிடும்போது சுறுசுறுப்பாகும் ஒரு வலைப்பின்னல் உண்டு. மார்கஸ் ரெய்க்லியின் குழு 2001-ல் அதற்கு இயல்புநிலை வலைப்பின்னல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. பின்புறச் சிங்குலேட், பிரிகியூனியஸ், நெற்றிப் பகுதியின் உட்புறம் ஆகியவை அதன் முக்கிய மையங்கள். அமிலாய்டு முதலில் படியும் இடங்களில் இவையும் உண்டு. முதல் அறிகுறி தெரிவதற்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. ஆனால் நினைவு எவ்வளவு குறைகிறது என்பது அமிலாய்டின் அளவைவிட, டௌ எங்கே சேர்ந்திருக்கிறது, எத்தனை நரம்பிணைப்புகள் அழிந்துள்ளன என்பதோடுதான் நெருக்கமாக ஒத்துப்போகிறது.

தெரிந்த வழியிலேயே தொலைந்துபோகிறார். இதுவும் நினைவுப் பிரச்சினையா?

ஆமாம். ஹிப்போகாம்பஸில் இடத்தை உணரும் செல்கள் இருப்பதை ஜான் ஓகீஃப் 1971-ல் கண்டார். என்டோரைனல் பகுதியில், இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் செல்களை மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு 2005-ல் கண்டது. மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு. அல்சைமர் முதலில் தாக்கும் இடமே இந்த வரைபடம் இருக்கும் இடம்தான். புதிய கட்டடத்தில் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பி வரத் தெரியாமல் நிற்பது, சிலருக்குப் பெயர் மறப்பதற்கு முன்பே வரும் அறிகுறி. அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கதையைத் துல்லியமாகச் சொல்கிறார். காலையில் மருந்து சாப்பிட்டாரா என்று தெரியவில்லை. நடிக்கிறாரா?

இல்லை. காலையில் நடந்தது பதியவே இல்லை. ஐம்பது ஆண்டாகத் திரும்பத் திரும்பச் சொன்ன கதையோ மூளை மேற்பரப்பில் வலுவாக வேரூன்றிவிட்டது; அதை எடுக்க ஹிப்போகாம்பஸின் துணை குறைவாகவே போதும். ஆழ்ந்த உறக்கத்தில் ஹிப்போகாம்பஸ் அன்றைய நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக மீண்டும் ஓட்டுவதும், மேற்பரப்பு அதை வாங்கிக்கொள்வதும் இந்த வேரூன்றலின் ஒரு பகுதி.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை. பழைய கதை சரளமாக வருகிறது என்பதை வைத்து “அவருக்கு ஞாபகசக்தி பிரமாதம்” என்று முடிவுசெய்துவிடாதீர்கள். டாக்டரைப் பார்ப்பது பல மாதங்கள் தள்ளிப்போவதற்கு இந்தத் தவறான கணிப்பு ஒரு முக்கியக் காரணம்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். என்ன செய்வது?

“இப்பதானே சொன்னேன்” என்பது பயன்படாது. அவரைப் பொறுத்தவரை அது முதல் தடவை. உங்கள் எரிச்சல் மட்டும்தான் அவருக்குப் புதிதாகக் கிடைக்கிறது. அந்த எரிச்சல் தங்கியும் விடும். நடந்த நிகழ்ச்சி மறந்த பிறகும் அது கிளப்பிய வருத்தமோ மகிழ்ச்சியோ நீடிப்பதை ஹிப்போகாம்பஸ் பாதித்தவர்களிடமும் அல்சைமர் உள்ளவர்களிடமும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சுருக்கமாக, அதே தொனியில், அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். பதிலை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே வையுங்கள்: “மகள் மாலை 6 மணிக்கு வருவாள்.” கேட்கும்போது பலகையைக் காட்டுங்கள். கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பயமாக இருக்கும், “மகள் எப்ப வருவா?” என்பதற்கு “நான் தனியாக இருக்கிறேனா?” என்ற பொருளும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தால் கேள்வி நிற்பது அதனால்தான்.

எல்லா டிமென்ஷியாவும் மறதியில்தான் தொடங்குமா?

இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாததால் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தவறான இடத்தில் அலைகின்றன. அல்சைமர்தான் அதிகம், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி டிமென்ஷியாவில் 60 முதல் 70 சதவீதம். மீதி உள்ளவை வேறு வலைப்பின்னல்களில் தொடங்குகின்றன.

ரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியாவில் மூளையின் உள்ளே ஓடும் வெண்ணிற நரம்பிழைகள் சேதமாகின்றன. பதிந்தது இருக்கிறது, எடுத்துவர நேரமாகிறது. யோசனை மந்தமாகும், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய முடியாது, நடை மாறும். குறிப்பு கொடுத்தால் விடை வந்துவிடும்.

லூயி உறுப்பு (நரம்புச் செல்களுக்குள் சேரும் புரதத் திரள்) டிமென்ஷியாவில் கவனமும் பார்வை சார்ந்த கணிப்பும் முதலில் குலையும். காலையில் தெளிவு, மதியம் குழப்பம் என்று ஏறி இறங்கும். இல்லாத ஆள்களையோ விலங்குகளையோ தெளிவாகப் பார்ப்பார். பல ஆண்டுகளுக்கு முன்பே தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையைக் காலை வீசியிருப்பார். இந்த நோய் இருக்குமென்ற ஐயம் இருந்தால், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

முன்மூளை-பொட்டுப் பகுதி டிமென்ஷியா பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் வருகிறது. எது முக்கியம், எது பொருத்தம் என்று கணிக்கும் வலைப்பின்னல், அதாவது இன்சுலாவின் முன்பகுதியும் முன்புறச் சிங்குலேட்டும், முதலில் சரிகின்றன. நினைவுச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்குவார்; ஆனால் துக்க வீட்டில் சிரிப்பார், பிறர் வேதனை அவரைத் தொடாது, இனிப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுவார். மனநோய் என்றோ குணக்கேடு என்றோ குடும்பம் நினைத்துவிடும்.

இதன் உறவு நோயான பொருள்-நினைவு டிமென்ஷியாவில் பொட்டுப் பகுதியின் முன்நுனி சுருங்குகிறது. நேற்று நடந்ததைச் சொல்வார், கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தால் “இது என்ன?” என்று கேட்பார். பெயர் வராமல் தடுமாறுவது வேறு, பொருளே தெரியாமல் போவது வேறு. இங்கே இரண்டாவது.

அல்சைமரிலேயே ஓர் அரிய வகை மூளையின் பின்பகுதியில் தொடங்கும். கண் நன்றாக இருக்கும், மேஜையில் இருக்கும் சாவி கண்ணில் படாது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராவிட்டால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

வயதான மறதிக்கும் நோய்க்கும் வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

குறிப்பு கொடுத்துப் பாருங்கள். தெரிந்தவர் பெயர் வரவில்லை. முதல் எழுத்தைச் சொன்னதும் வந்துவிட்டது, அல்லது அரைமணி கழித்துத் தானாக வந்தது என்றால் பதிவு இருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். போன வாரம் போன கல்யாணத்தைப் பற்றி எத்தனை குறிப்பு கொடுத்தும் “நாம் போனோமா?” என்றால் பதிவே விழவில்லை.

மருத்துவமனைச் சோதனையும் இதைத்தான் முறைப்படி செய்கிறது. சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து, சில நிமிடங்கள் வேறு வேலை கொடுத்துவிட்டுக் கேட்பார்கள். வராவிட்டால் “அது ஒரு பழம்” என்பார்கள். அப்போதும் வராவிட்டால் மூன்று சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். குறிப்பு உதவினால் நெற்றிப் பகுதிப் பாதைகள் மீதும், உதவாவிட்டால் ஹிப்போகாம்பஸ் மீதும் சந்தேகம் விழும். மோகா என்ற சோதனையில் 30-க்கு 26 அல்லது மேல் இருந்தால் இயல்பு என்பது பொதுவான அளவுகோல். ஆனால் படிப்பு, மொழி, காது கேட்காமை ஆகியவை மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிடும். காதுக்கருவி இருந்தால் அதை மாட்டிக்கொண்டுதான் சோதனைக்கு உட்கார வேண்டும். ஒரு தடவை வாங்கிய மதிப்பெண்ணைவிட, ஓராண்டு இடைவெளியில் அது எவ்வளவு இறங்கியது என்பதே அதிகம் சொல்லும்.

ஸ்கேனில் தெரிந்துவிடுமா?

எம்ஆர்ஐ, ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பதையும் ரத்தக்குழாய்ச் சேதத்தையும் காட்டும். கட்டி, ரத்தக்கசிவு இல்லை என்பதை உறுதிசெய்யும். தொடக்க நிலையில் அது இயல்பாகவும் இருக்கலாம். அமிலாய்டு பெட் ஸ்கேன், முதுகுத்தண்டு நீர்ச் சோதனை, ரத்தத்தில் பி-டௌ217 என்ற டௌ புரத வகையின் அளவு ஆகியவை அல்சைமர் புரதங்களின் தடயத்தைக் காட்டும். அறிகுறியே இல்லாத முதியவர்கள் பலரிடமும் அமிலாய்டு இருக்கும் என்பதால், பயத்துக்காக மட்டும் இந்தச் சோதனைகளைச் செய்துகொள்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இரண்டே நாளில் திடீரென்று மோசமாகிவிட்டார். நோய் முற்றிவிட்டதா?

அல்சைமர் இரண்டு நாளில் முற்றாது. இது டெலிரியம் என்ற தற்காலிகக் குழப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவசர சிகிச்சை தேவை. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைதல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை வழக்கமான காரணங்கள். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். கத்தி ஆர்ப்பாட்டம் செய்பவரைவிட, திடீரென்று சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பவரைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது இருந்தால் அது பக்கவாதம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

குணப்படுத்தக்கூடிய காரணங்கள் எவை?

முதல் பரிசோதனையிலேயே பி12, தைராய்டு, சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து மண்டைக்குள் ரத்தம் தேங்குவது ஆகியவையும் டிமென்ஷியா போலவே தோன்றும். காலைத் தரையில் ஒட்டவைத்தது போன்ற நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளை நீர்த்தேக்கமா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்துப் பையை மொத்தமாகக் கொண்டுபோங்கள். டைஃபென்ஹைட்ரமின் கலந்த தூக்க, சளி மருந்துகள், அமிட்ரிப்டிலின், ஆக்சிபியூட்டினின், டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கின்றன. நினைவு மாத்திரையும் இவற்றில் ஒன்றும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று அழித்துக்கொண்டிருக்கும்.

நீண்டகால மதுப்பழக்கம் அல்லது கடும் வாந்தியால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்தால் மேமிலரி உறுப்புகளும் தாலமஸும் சேதமாகி, விழுந்த இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்பிப் பேசும் நிலை வரும். உடனே ஊசி மூலம் தயமின் கொடுத்தால் தடுக்கலாம். தாமதித்தால் பெரும்பாலும் நிரந்தரம்.

நினைவு மாத்திரைகள் என்ன செய்யும்?

அல்சைமரில், மூளையின் அடிப்பகுதியில் அசிட்டைல்கோலினை அனுப்பும் செல்கள் அழிகின்றன. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் மூன்றும் மிஞ்சிய அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கின்றன. நோயை நிறுத்துவதில்லை, சிலருக்குச் சில மாதங்கள் நிலைமை தாங்கும்.

டோனெபெசில் 5 மி.கி.யில் தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்து 10 மி.கி. ஆக்குவது வழக்கம். குமட்டல், பேதி, நாடித்துடிப்பு குறைவது ஆகியவற்றைக் கவனியுங்கள். மயக்கம் போட்டால் உடனே சொல்லுங்கள். கெட்ட கனவு வந்தால் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ரிவாஸ்டிக்மின் ஒட்டுப்பட்டையில் நடக்கும் பெரிய தவறு, பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டுவது. மருந்து இரட்டிப்பாகி வாந்தியும் மயக்கமும் வரும். பழையதை உரித்த பிறகே புதியதை வேறு இடத்தில் ஒட்டுங்கள். அதே இடத்துக்கு 14 நாள் திரும்ப வரக்கூடாது. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடராதீர்கள், குறைந்த அளவிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டும். மெமன்டின் வேறு வகை. நடுத்தர, முற்றிய நிலைக்கு, வாரம் 5 மி.கி. வீதம் 20 மி.கி. வரை ஏற்றுவார்கள். சிறுநீரகம் பழுதானால் அளவு குறையும். முன்மூளை-பொட்டுப் பகுதி டிமென்ஷியாவுக்கு டோனெபெசில் பயன்படுவதில்லை, சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும்.

அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் மருந்துக்கு அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி கிடைத்தது. தொடக்க நிலையினருக்கு மட்டும், முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாக. 18 மாத ஆய்வில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி. மூளை வீக்கமும் நுண்கசிவும் வரக்கூடும் என்பதால் இடையிடையே எம்ஆர்ஐ கட்டாயம். அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இழந்த நினைவு இதனால் திரும்பாது.

மிஞ்சியிருக்கும் வலைப்பின்னல்களை எப்படிப் பயன்படுத்துவது?

“போய்ப் பல் தேய்த்துவிட்டு வாங்க” என்ற ஒரே வாக்கியத்தை நடத்திக்காட்ட திட்டமிடலும் நினைவும் வேண்டும். அதற்குப் பதில் பேஸ்ட் வைத்த பிரஷ்ஷை அவர் வழக்கமாகப் பிடிக்கும் கையில் கொடுங்கள். கையை வாய்வரை மெல்லக் கொண்டுபோய் விடுங்கள். பல நேரம் மீதியைக் கை தானே செய்துவிடும். பொருள்களின் இடத்தை மாற்றாதீர்கள். பழகிய பாதை செய்முறை நினைவில் இருக்கிறது.

ஒரே ஒரு தகவலைக் கற்பிக்க, இடைவெளியைக் கூட்டும் முறை நன்றாக வேலை செய்கிறது. “கைத்தடி எங்கே இருக்கும்?” “கட்டில் பக்கத்தில்.” விடையைச் சொல்லிக்கொடுத்து உடனே கேளுங்கள். பிறகு 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8 நிமிடம் கழித்துக் கேளுங்கள். இடையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். தவறினால் யோசிக்கவிட்டு வதைக்காமல் உடனே விடையைச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். யூகிக்க விட்டால் தவறான யூகமே பதிந்துவிடும், ஏனென்றால் அது தவறு என்று திருத்திய நினைவு அவரிடம் தங்காது.

பழகிய பாட்டு முற்றிய நிலையிலும் வேலை செய்யும். குளிக்கப் போகும் முன் அதே பாட்டைத் தினமும் போட்டுப் பாருங்கள்.

பரம்பரையாக வருமா?

ஏபிபி, பிஎஸ்இஎன்1, பிஎஸ்இஎன்2 மரபணு மாற்றங்களால் அல்சைமர் நேரடியாக வருவது 1 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கும். ஏபிஓஇ4 ஆபத்தைக் கூட்டும், ஆனால் விதியை முடிவு செய்யாது.

தடுக்க முடியுமா?

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அனைத்தையும் நீக்க முடிந்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. அவற்றில் நடுத்தர வயதில் காது கேட்கும் திறன் குறைவதும், கெட்ட கொழுப்பும் அதிகப் பங்கு வகிப்பவை. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, உடலுழைப்பின்மை, தனிமை, பார்வைக் குறைவு ஆகியவையும் உண்டு. எங்கே தொடங்குவது என்று கேட்டால், 40 வயதிலிருந்தே ரத்த அழுத்தத்தை அளந்து கட்டுக்குள் வையுங்கள். காது மந்தமானால் கருவி மாட்டத் தள்ளிப்போடாதீர்கள். வாரம் 150 நிமிட வேக நடை. நினைவு விளையாட்டுச் செயலிகளில் பயிற்சி எடுத்தால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேர்ச்சி வரும்; அதைவிட நான்கு பேரோடு பேசிப் பழகும் புதிய கலை ஒன்றைக் கற்பது மேல்.

டாக்டரிடம் போகும் முன் என்ன எழுதிக்கொண்டு போக வேண்டும்?

முதலில் மாறியது எது: நினைவா, பேச்சா, வழி கண்டுபிடிப்பதா, குணமா? எப்போது, எவ்வளவு வேகத்தில்? ஏறி இறங்குகிறதா, படிப்படியாக இறங்குகிறதா? முன்பு தானே செய்துவந்த எந்த வேலைக்கு இப்போது உதவி தேவைப்படுகிறது: பணக் கணக்கா, சமையலா, மருந்தா? தூக்கம், நடை, கீழே விழுந்தது, இல்லாததைப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் ஒரு நடந்த சம்பவத்தைத் தேதியோடு எழுதுங்கள். “நிறைய மறக்கிறார்” என்பதைவிட “அடுப்பில் பாலை வைத்துவிட்டு மூன்று தடவை வெளியே போய்விட்டார்” என்பது டாக்டருக்கு உதவும். கூட வாழ்பவர் ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும். அவர் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் பல நோயாளிகளுக்குத் தங்களுக்கு மறதி இருப்பதே தெரியாது.